அந்த ஐரிஷ் கிழவர் வெறும் ஊறுகாயா? பாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் போர்க்காலப் படங்களும்

ஜூன் 6, இரவு 10.40

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி: "'கோயிங் மை வே' பிங் கிராஸ்பியின் பாட்டுக்காக ஓடிய படம்தானே? அந்தக் கிழப் பாதிரியாரைச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி ஓரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அவருக்கு எதற்கு ஆஸ்கர்?"

ஊறுகாய் இல்லை. அந்தப் படத்தில் சோறே அவர்தான். 1944இல் வந்த படம், லியோ மெக்கேரி இயக்கியது. பத்துப் பரிந்துரைகள், ஏழு விருதுகள். கிழப் பாதிரியார் ஃபிட்ஸ்கிப்பனாக நடித்த பாரி ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயர் அந்த ஒரே வேடத்துக்குச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என்று இரண்டு பட்டியலிலும் வந்தது. அவருக்கு முன்னால் யாருக்கும் அப்படி நடந்ததில்லை, பின்னாலும் நடக்க வழியில்லை, ஏனென்றால் அதற்கப்புறம் விதியையே மாற்றிவிட்டார்கள். நாயகன் விருது கிராஸ்பிக்குப் போனது, துணை நடிகர் விருது இவருக்கு. ஓட்டுப் போட்டவர்களுக்கே இவரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று தெரியவில்லை. எழுபது வயதில் ஒரு மனிதர் இதைச் செய்திருக்கிறார்.

ஜூன் 6, இரவு 11.15

திருத்தம். எழுபது என்று எழுதியது தவறு. அவர் பிறந்தது 1888 மார்ச் 10, டப்ளினில். அந்தப் படம் வந்தபோது 56 வயது. நான் படத்தில் பார்த்த நடையையும் தோளையும் வைத்து எழுதிவிட்டேன். 56 வயதுக்காரர் இரண்டு மணி நேரம் எழுபதைத் தாண்டியவராக நடந்து காட்டியிருக்கிறார், அதில் பொய்யாக ஒரு அடி கூட இல்லை. பக்கத்தில் நிற்பவர் பேசும்போது கீழுதட்டை லேசாக முன்னால் தள்ளி, தலையைச் சாய்த்து, காது கேட்டதா இல்லையா என்று நமக்குத் தெரியாதபடி ஒரு பார்வை பார்ப்பார். இதை அடுத்த முறை கவனியுங்கள்.

ஜூன் 7

காலையில் யோசித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். இவரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ஹாலிவுட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது டப்ளினில் ஓர் அரசு அலுவலக மேசையிலிருந்து.

இயற்பெயர் வில்லியம் ஜோசஃப் ஷீல்ட்ஸ். பகலில் குமாஸ்தா வேலை, இரவில் டப்ளினின் ஆபி தியேட்டர் என்ற நாடக அரங்கில் நடிப்பு. அலுவலகத்துக்குத் தெரியக்கூடாது என்றுதான் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெயரையே வைத்துக்கொண்டார். இது ஒன்றிரண்டு வருடக் கூத்து இல்லை. 1924இல் ஷான் ஓ'கேசியின் நாடகத்தில் வெட்டிப்பேச்சு கேப்டன் பாயிலாக வந்து ஊரையே சிரிக்கவைத்தபோதும் மறுநாள் காலை மேசைக்குப் போயாக வேண்டும். 1926இல் ஓ'கேசியின் அடுத்த நாடகத்துக்கு, ஈஸ்டர் எழுச்சியை, அதாவது 1916இல் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த ஆயுதக் கிளர்ச்சியை, கொச்சைப்படுத்துகிறது என்று அரங்கத்துக்குள்ளேயே கலவரம் நடந்தது. மேடை ஏறி வந்த ஒருவரை இவர் ஒரே குத்தில் கீழே தள்ளினார் என்று சொல்வார்கள். அதற்கப்புறமும் ஆபீஸ்தான்.

வேலையை விட்டது 1929இல், 41 வயதில். எதற்காக விட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம். ஓ'கேசி முதல் உலகப் போரைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார், அதை ஆபி தியேட்டர் வேண்டாம் என்றது, லண்டனில் மேடையேறியது. அதில் நடிக்கத்தான் இவர் பென்ஷன் கிடைக்கும் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கப்பல் ஏறினார். போரைப் பற்றிய நாடகத்துக்காக வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர் போர்க்காலத்தில்தான் உலகத்துக்குத் தெரியவந்தார்.

ஜூன் 7, இரவு

தம்பியைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிப் பேச முடியாது. ஆர்தர் ஷீல்ட்ஸ். எட்டு வயது இளையவர், அவரும் ஆபி நடிகர். 1916 ஈஸ்டர் திங்கட்கிழமை துப்பாக்கியோடு எழுச்சியில் இறங்கியவர். பிடிபட்டு, வேல்ஸில் ஃப்ரொன்கோக் என்ற இடத்திலிருந்த முகாமில் அடைக்கப்பட்டார். எழுச்சியில் கலந்துகொண்ட ஆபிக்காரர்களின் பெயர்ப் பலகை இன்றும் அந்தத் தியேட்டரில் இருக்கிறது, அதில் இவர் பெயரும் உண்டு.

தம்பி ஆங்கிலேய அரசின் கைதி, அண்ணன் அதே அரசின் குமாஸ்தா. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1936இல் இயக்குநர் ஜான் ஃபோர்ட், கலவரம் நடந்த அந்த ஓ'கேசி நாடகத்தைப் படமாக்க இருவரையும் ஹாலிவுட்டுக்கு வரவழைத்தார். ஆர்தர் ஏற்றது எழுச்சியின் தலைவர் பேட்ரிக் பியர்ஸ் வேடம். இருபது வருடத்துக்கு முன்னால் யாருடைய கட்டளையில் துப்பாக்கி தூக்கினாரோ, அவராகவே கேமரா முன் நின்றார்.

ஜூன் 9

'தி லாங் வாயேஜ் ஹோம்' (1940) பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன், ஏனென்றால் நான் பதினொரு வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஆயிலராக இருந்தவன். கப்பல் படம் என்றால் முதல் பத்து நிமிடத்திலேயே மூடிவிடுவேன், எல்லாம் பொய்யாக இருக்கும். இதை மூடவில்லை.

யூஜின் ஓ'நீலின் நான்கு சின்னக் கடல் நாடகங்களைச் சேர்த்து, இரண்டாம் உலகப் போருக்கு நகர்த்தி ஃபோர்ட் எடுத்த படம். கிளென்கெய்ர்ன் என்ற பழைய ஆங்கிலேயச் சரக்குக் கப்பல் அமெரிக்காவில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் போகிறது. பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் அதில் காக்கி என்ற ஸ்டீவர்ட். ஆர்தர் டாங்கிமேன், அதாவது துணைக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். கேமரா கிரெக் டோலண்ட்.

ஸ்டீவர்டு என்பவர் யார் என்று கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கேப்டன் அறைக்கும் போவார், கீழே எங்கள் மெஸ்ஸுக்கும் வருவார். யார் சாப்பிடவில்லை, யார் வீட்டுக் கடிதத்துக்கு அழுதான், அடுத்த துறைமுகம் எது, எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். கொஞ்சம் பயம், கொஞ்சம் தேவை, நிறையப் பேச்சு. பாரி அதைத்தான் செய்திருக்கிறார். குள்ளமான உருவம், எல்லோர் பேச்சுக்கு நடுவிலும் தலையை நுழைக்கும் பழக்கம், தன் பங்குக்கு ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுத்தான் நகர்வது.

அப்புறம் அந்தப் பெட்டிக் காட்சி. ஸ்மிட்டி என்ற மாலுமி யாருடனும் ஒட்டாதவன். படுக்கைக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறான். போர்க்காலம், கப்பல் முழுக்க வெடிமருந்து, எல்லோருக்கும் பயம். ஜெர்மன் உளவாளி என்று முடிவு கட்டி, அவனைக் கட்டிவைத்துப் பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே மனைவியின் கடிதங்கள். ஒருவர் உரக்கப் படிக்க ஆரம்பிக்கிறார். குடியால் பிரிந்துபோன குடும்பம் என்பது வரிக்கு வரி தெரியவருகிறது. படிப்பவர் நிறுத்த நினைக்கிறார், நிறுத்த முடியவில்லை. சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

எங்கள் கப்பலிலும் இப்படி ஒன்று நடந்தது. போர் எல்லாம் இல்லை. கேபினில் பணம் காணாமல் போனது, பேசாத ஆள் ஒருவன்மேல் சந்தேகம் போனது, பெட்டியைத் திறந்தோம். மருத்துவமனைச் சீட்டுகள்தான் இருந்தன, எல்லாம் அவன் குழந்தையுடையவை. நானும் சுற்றி நின்றவர்களில் ஒருவன். அவன் சைன் ஆஃப் ஆகிப் போகும்வரை அவன் கண்ணைப் பார்த்து நான் பேசவில்லை. அந்தக் காட்சியில் அத்தனை பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பது எனக்குப் புரிகிறது.

ஜூன் 10

மறந்துவிட்டேன். அந்தப் படத்தில் ஜான் வெய்ன் ஒரு அப்பாவி ஸ்வீடன்காரர். எல்லோரும் சேர்ந்து காவல் காத்து அவரை ஊருக்கு அனுப்புவதுதான் கதையின் பாதி. அவரைக் கவிழ்க்க லண்டன் துறைமுகத்தில் ஆள் பிடிக்கும் தரகராக வருபவர் ஜே. எம். கெரிகன், அவரும் டப்ளின், அவரும் ஆபி. ஃபோர்டின் கப்பலில் ஆபி தியேட்டர் பாதி ஏறியிருந்தது.

ஜூன் 12

ஒருவர் எழுதுகிறார்: "நல்ல மனம் படைத்த கிழவர் வேடம்தான் அவருக்கு வரும், வில்லத்தனம் வராது." நானும் முன்பு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். 'தி சீ வுல்ஃப்' (1941) பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அதில் எட்வர்ட் ஜி. ராபின்சன் கொடுங்கோல் கேப்டன், இவர் சமையல்காரர். சக மாலுமிகளின் ரகசியத்தைக் கேப்டனிடம் போட்டுக்கொடுத்துப் பிழைக்கும் ஆள். கடைசியில் கேப்டனே சலித்துப்போய் இவரை மாலுமிகளிடம் காட்டிக்கொடுக்கிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது, பாரி புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. அதே குரல், அதே கண் சிமிட்டல், அதே தலைச்சாய்ப்பு. கிளென்கெய்ர்னில் எது பிரியமாகத் தெரிந்ததோ அதுவே இங்கே அருவருப்பாகத் தெரிகிறது. மூன்று வருடம் கழித்து அதே சாய்ந்த தலை பாதிரியாரின் அங்கிக்கு மேலே உட்கார்ந்ததும் நமக்கு அழுகை வருகிறது. இது சின்ன வித்தை இல்லை.

1943இல் வந்தவற்றைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'கார்வெட் கே-225' என்று கனடாக் கடற்படைப் படம் ஒன்று, வட அட்லாண்டிக்கில் நிஜக் கப்பல்களில் எடுத்த காட்சிகளுக்காகப் பார்க்கலாம். பாரிக்கு அதில் வழக்கமான ஐரிஷ் மாலுமி வேடம்.

ஜூன் 13

"அயர்லாந்துதான் போரிலேயே சேரவில்லையே, போர்ப் படங்களில் ஐரிஷ்காரர்களுக்கு என்ன வேலை?" என்று ஒரு கேள்வி.

நல்ல கேள்வி. அயர்லாந்து நடுநிலை வகித்தது. அங்கே அந்த வருடங்களைப் போர் என்றே சொல்வதில்லை, 'நெருக்கடிக் காலம்' என்பார்கள். ஐரிஷ் கப்பல்களின் பக்கவாட்டில் எய்ரே (ஐரிஷ் மொழியில் அயர்லாந்தின் பெயர்) என்று பெரிய எழுத்தில் எழுதி, விளக்குப் போட்டுக்கொண்டு போவார்கள், நீர்மூழ்கி சுடாமல் இருக்க. சினிமாத் தணிக்கையும் கடுமை. சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' அங்கே தடை செய்யப்பட்டது.

இங்கேதான் பாரியின் நிலை விசித்திரமாகிறது. ஊர் நடுநிலை. அப்பா டப்ளின் தொழிலாளர் இயக்கக்காரர். அம்மா ஜெர்மன்காரி. வேலை அமெரிக்காவில். ஏற்பது ஆங்கிலேயக் கப்பலின் ஸ்டீவர்ட், கனடாக் கப்பலின் மாலுமி, வேல்ஸ் ஊர்க்காரன் என்று எல்லா நாட்டு வேடமும்.

வேல்ஸ் என்றதும் இன்னொன்று. 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' (1941) வேல்ஸ் சுரங்கக் கிராமத்துக் கதை. வேல்ஸில் எடுக்கத்தான் நினைத்தார்கள், போர் வந்ததால் முடியவில்லை. கலிபோர்னியாவில் மாலிபு பக்கம் மலைச்சரிவில் ஒரு முழுக் கிராமத்தையே கட்டினார்கள். அதில் பாரி, குத்துச்சண்டைக்காரனோடு ஒட்டிக்கொண்டு திரியும் சிஃபார்த்தா. பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பையனை அடித்த வாத்தியாருக்குப் பாடம் எடுக்கும் இடத்தில் இருவரும் அமர்க்களம். ஆர்தர் அதே கிராமத்தில் இரக்கமே இல்லாத சபை மூப்பர், ஒரு பெண்ணை ஊர் முன்னால் நிற்கவைத்து ஏசுபவர். நிஜ வேல்ஸில் கம்பிக்குள் இருந்தவர், பொய் வேல்ஸில் தீர்ப்பு சொல்கிறார். படம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

ஜூன் 13, பின்னிரவு

முதல் குறிப்பில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். கத்தோலிக்கப் பாதிரியாராக உலகமே நம்பிய பாரி, பிறப்பால் புராட்டஸ்டண்ட்.

ஜூன் 15

கோல்ஃப் கதையைக் கேட்கிறார்கள். உண்மைதான். போரினால் உலோகத் தட்டுப்பாடு, அதனால் அந்த வருடங்களில் ஆஸ்கர் சிலைகளைப் பிளாஸ்டரில் வார்த்துப் பூச்சுப் பூசிக் கொடுத்தார்கள். பாரிக்கு கோல்ஃப் பைத்தியம். வீட்டுக்குள்ளேயே மட்டையை வீசிப் பழகும்போது பட்டு, சிலையின் தலை பறந்துவிட்டது. வேறொன்று கொடுத்தார்கள். படத்திலும் கிழப் பாதிரியாரைக் கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் இடம் உண்டு, மட்டையைப் பிடிக்கவே தெரியாதவர் மாதிரி நிற்பார். தினமும் ஆடுகிறவர் தெரியாதவராக நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடுகிறவர்களைக் கேளுங்கள்.

ஜூன் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 1944 மார்ச்சில் அவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார், அவர் மகளுக்குக் காயம். வழக்கு நடந்தது. போதிய சாட்சியம் இல்லை என்று 1945 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். ஆஸ்கர் இரவு அதே வருடம் மார்ச் 15. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் பிளாஸ்டர் சிலையை விரிவாகச் சொல்லிவிட்டு இதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். இறந்தவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. நான் இதை வைத்து அவர் நடிப்பைக் குறைத்துப் பேச வரவில்லை, அந்த வருடத்தை வெறும் வெற்றி வருடமாக மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

ஜூன் 19

கிளைக்கதை, ஆனால் நம் ஊர்வரை வருகிறது. போருக்குப் பிறகு ழான் ரெனுவார் வங்காளத்தில் வந்து 'தி ரிவர்' எடுத்தார், 1951இல் வெளியானது. கங்கைக் கரையில் ஒரு ஆங்கிலேயக் குடும்பம், பக்கத்து வீட்டில் இந்தியப் பெண்ணை மணந்து மனைவியை இழந்த மிஸ்டர் ஜான். அந்த ஜான்தான் நம் ஆர்தர் ஷீல்ட்ஸ். அவருடைய மகள் மெலனியாக வருபவர் ராதா. சென்னை அடையாறில் பிறந்து, கலாக்ஷேத்ராவில் நடனம் கற்று, பிற்பாடு ராதா பர்னியர் என்ற பெயரில் தியோசாபிகல் சொசைட்டியின் தலைவராக 1980இலிருந்து 2013இல் இறக்கும்வரை இருந்தவர். டப்ளின் தெருவில் துப்பாக்கி தூக்கியவரும் அடையாறு பெண்ணும் அப்பா மகளாக ஒரு திரையில். ஆர்தர் அதில் ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகு பேசும் இடம் இருக்கிறது, அண்ணனால் அந்த அமைதியைக் கொண்டுவந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அண்ணனிடம் எப்போதும் ஒரு துறுதுறுப்பு இருந்துகொண்டே இருக்கும்.

ஜூன் 20

"அண்ணனால் முடியாது" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நேற்று இரவு 'கோயிங் மை வே'யின் கடைசிக் காட்சியை மறுபடி பார்த்தேன். கேள்வி கேட்டவருக்கு நான் முதல் நாளே இதைத்தான் பதிலாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கிழவர் நாற்பத்தைந்து வருடமாக அம்மாவைப் பார்க்கவில்லை. அயர்லாந்துக்குப் போகக் காசு சேர்க்கும்போதெல்லாம் கோயிலுக்கு ஒரு செலவு வந்துவிடும். கோயிலும் எரிந்துபோகிறது. கிறிஸ்துமஸ் சமயம், சிறுவர்கள் பழைய ஐரிஷ் தாலாட்டைப் பாட ஆரம்பிக்கிறார்கள். அவருக்குத் தெரியாமல் அம்மாவை அயர்லாந்திலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். துணிக்கட்டு மாதிரி சின்னதாக ஒரு பாட்டி உள்ளே வருகிறார். கிழவர் பார்க்கிறார். வசனம் கிடையாது. அந்தத் துறுதுறுப்பெல்லாம் நின்றுபோகிறது, உதடு நிற்கிறது, தலை சாயவில்லை, நேராக இருக்கிறது. அப்புறம் அம்மாவின் தோளில் தலையை வைக்கிறார். கிராஸ்பி யாருக்கும் சொல்லாமல் பெட்டியோடு இருட்டில் வெளியே போகிறார்.

1944இல் அந்தத் தியேட்டர்களில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பல வீட்டிலும் ஒரு பையன் கடல் தாண்டிப் போயிருக்கிறான், அம்மா காத்திருக்கிறாள். திரையில் காத்திருப்பது மகன், வருவது அம்மா. நேராகக் காட்டியிருந்தால் தாங்கியிருக்க மாட்டார்கள், திருப்பிப் போட்டுக் காட்டியதால் அழ முடிந்தது. இதைக் கிராஸ்பியின் பாட்டு செய்யவில்லை.

என்னுடைய மிக நீண்ட காண்ட்ராக்ட் பதினான்கு மாதம். வீட்டு வாசலில் பையை வைத்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. இன்ஜின் ரூமில் விரல் போனவர்களின் கதையை நான் போனில் ஒருமுறை சொல்லியிருந்தேன்.

ஜூன் 21

அந்தப் பாட்டி யார் என்று கேட்டவருக்கு: அடலின் டி வால்ட் ரெனால்ட்ஸ், 1862இல் பிறந்தவர். படத்தில் மகனாக நடித்தவரைவிட நிஜத்தில் 26 வயது மூத்தவர். சினிமாவுக்கு வந்ததே 78 வயதில்.